கனசாவா: கைவேலையைக் கைவிடாத ஊர்



ஜப்பானிய நகரம் ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தபோது, தோக்கியோவையோ கியோத்தோவையோ நான் எடுத்துக்கொள்வேன் என்று அமைப்பாளர்கள் எதிர்பார்த்திருக்கலாம். அந்த இரண்டைப் பற்றியும் தமிழில் நிறையவே எழுதியாயிற்று. நான் கனசாவாவைப் பற்றிப் பேசப்போகிறேன். ஏறக்குறைய 4.6 லட்சம் பேர் வாழும் நடுத்தர நகரம் அது. ஹொன்ஷூ தீவில், ஜப்பான் கடலைப் பார்த்திருக்கும் ஹொகுரிகு வட்டாரத்தில், இஷிகாவா மாநிலத்தின் தலைநகராக இருக்கிறது. நாட்டையே ஆண்ட பெருமை அதற்கு ஒருநாளும் இருந்ததில்லை. ஆனாலும் நானூறு ஆண்டுகளாக அங்கே கைத்தொழில் அறுபடாமல் வருகிறது. இன்றைக்கும் தங்க ரேக்கு அடிக்கிறார்கள், பட்டில் சாயம் தீட்டுகிறார்கள், மரத்தில் அரக்குப் பூசுகிறார்கள். எப்படி இது நிலைத்தது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதே என் பேச்சு.

முதலில் ஊரின் கிடப்பைச் சொல்லிவிடுகிறேன். சாய், அசானோ என்ற இரண்டு ஆறுகள் மலையிலிருந்து இறங்கிக் கடலை நோக்கி ஓடுகின்றன. சாய் ஆண் ஆறு, அசானோ பெண் ஆறு என்பார்கள் ஊரார். இரண்டுக்கும் நடுவே ஒரு மேட்டுநிலம். அதன் முனையில் கோட்டை. மழையும் பனியும் அதிகம். சாப்பாட்டுப் பெட்டியை மறந்தாலும் குடையை மறக்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கும் ஊர். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று கடலின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து மலைகளில் மோதுவதால், அங்கே குளிர்காலத்தில்தான் இடி இடிக்கும். அந்த இடி 'புரி' என்ற மீனை உசுப்பிவிடும் என்பது மீனவர்களின் நம்பிக்கை. இடி கேட்டால் வலை நிறையும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஈரக்காற்று மீனவர்களுக்கு மட்டும் உதவவில்லை. காற்று வறண்டால் ரேக்கு அடிப்பவர் கையில் மின்னேற்றம் தங்கி ரேக்கு ஒட்டிக்கொள்ளும். அரக்கு உலர்வதற்கே ஈரம் வேண்டும். அந்தத் தொழில்கள் அங்கே வேர்விட்டதற்கு வானிலையும் ஒரு காரணம்.

வரலாற்றுக்கு வருவோம். கோட்டையும் பிரபுக்களும் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு வியப்பான ஆட்சி நடந்தது. 1488இல், கனசாவாவை உள்ளடக்கிய காகா நாட்டின் விவசாயிகளும், உள்ளூர்ச் சிறுவீரர்களும், ஜோதோ ஷின்ஷூ என்ற பௌத்தப் பிரிவின் குருமார்களும் ஒன்றுசேர்ந்து தங்கள் ஆளுநரை வீழ்த்தினார்கள். அதன்பின் ஏறத்தாழ 90 ஆண்டுகள் அந்த நாடு பிரபு இல்லாமல் இருந்தது. இன்று கோட்டை நிற்கும் இடத்தில்தான் அவர்களுடைய மடம் இருந்தது. 1580இல் போர்த்தலைவர் ஓதா நொபுநாகாவின் படை அதைக் கைப்பற்றியது. 1583இல் மயேதா தொஷியியே என்ற பிரபு கோட்டைக்குள் நுழைந்தார். அவருடைய வம்சம் 1871 வரை ஆண்டது. சுற்றுலாக் கையேடுகள் மயேதாக்களில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய தொண்ணூறு ஆண்டுகளைச் சேர்க்காமல் இந்த ஊரின் கதையைச் சொல்வது நியாயமல்ல என்று கருதுகிறேன்; பின்னால் வந்த செழிப்பு முழுவதும் அந்த விவசாயிகளின் பேரப்பிள்ளைகள் அளந்த நெல்லில்தான் நின்றது.

எவ்வளவு நெல்? 'காகாவின் பத்து லட்சம் கொக்கு' என்பது ஜப்பான் முழுதும் தெரிந்த தொடர். ஒரு கொக்கு ஏறக்குறைய 150 கிலோ அரிசி; ஒருவர் ஓராண்டு உண்ணும் அளவு என்பது பழைய கணக்கு. நாட்டின் படைத்தலைமை ஆட்சியாளரான ஷோகனின் குடும்பத்தை விட்டால் நாட்டிலேயே பெரிய பிரபுக் குடும்பம் மயேதாக்கள்தான். செல்வம் அதிகம் என்பதே ஆபத்து. 1600இல், பின்னர் ஷோகன்களான தொக்குகாவாக்களின் கை ஓங்கியபோது, தொஷியியேயின் மனைவி மாட்சு தாமே பிணையாக இன்றைய தோக்கியோவான எதோ நகரத்துக்குப் போய்ப் பதினான்கு ஆண்டுகள் அங்கே இருந்தார். மூன்றாவது பிரபு தொஷித்சுனே தம்மை விவரமற்றவராகக் காட்டிக்கொள்ள மூக்கு முடியை வேண்டுமென்றே வளரவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதை உண்மையோ இல்லையோ, குடும்பம் எந்த அச்சத்தில் வாழ்ந்தது என்பது அதில் தெரிகிறது. படைக்கலத்தில் பணத்தைப் போட்டால் எதோவின் சந்தேகம் கூடும். தேநீர்க் கிண்ணத்திலும் நாடகத்திலும் நூல்களிலும் போட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

கோட்டைக்குள் ஒரு பட்டறை இருந்தது. முதலில் ஆயுதங்களையும் கவசங்களையும் பழுதுபார்ப்பதற்காக ஏற்பட்டது. போர் ஓய்ந்தபின் அதே கைகள் அரக்கு வேலைக்கும் உலோகச் செதுக்கலுக்கும் திரும்பின. ஐந்தாவது பிரபு சுனனோரி அதைப் பெரிய கலைப்பட்டறையாக வளர்த்தார். கியோத்தோவிலிருந்தும் எதோவிலிருந்தும் ஆசான்களை வரவழைத்தார். 1666இல் தேநீர்க்கலை ஆசான் சென்சோ வந்தபோது சோசாயெமோன் என்ற குயவரையும் கூட்டிவந்தார். ஓஹி மட்கலங்கள் அப்படித் தொடங்கின. சுனனோரி செய்தவற்றுள் என்னை மிகவும் ஈர்ப்பது வேறொன்று. ஜப்பானின் பல பகுதிகளிலிருந்தும் கைத்தொழில் மாதிரிகளைத் திரட்டினார்: ஆணித்தலை மூடிகள், கதவுப் பிடிகள், காகித வகைகள், தோல், சாயத்துணித் துண்டுகள், மர வகைகள். எல்லாவற்றையும் இனம் பிரித்து, பெயர் எழுதி, இழுப்பறைகளில் அடுக்கினார். முடிந்த கலைப்பொருளைச் சேர்த்துவைத்த பிரபுக்கள் எத்தனையோ பேர். செய்முறையைப் படிப்பதற்காகத் துண்டுகளையும் மாதிரிகளையும் சேர்த்தவர் அரிது.

அந்தப் பட்டறைக் கைவினைஞர்களுக்கு இன்னொரு கடமையும் இருந்தது: நோ என்ற மரபு நாடகம் கற்க வேண்டும். அரக்குப் பூசுபவர் மத்தளம் பழகினார். செதுக்குபவர் பாட்டுப் பழகினார். அங்கிருந்து நோ பாட்டு ஊருக்குள் இறங்கியது. தோட்டக்காரர் மரத்தின்மேலிருந்தும் தச்சர் கூரையின்மேலிருந்தும் முணுமுணுப்பதால், கனசாவாவில் நோ பாட்டு வானத்திலிருந்து விழும் என்றொரு சொலவடையே பிறந்தது. பிற்காலத்தில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற இசுமி கியோக்கா 1873இல் இந்த ஊரில் பிறந்தவர். தந்தை உலோகச் செதுக்கர்; தாய் நோ மத்தளக் குடும்பத்தவர். ஒரே வீட்டில் உளியும் மத்தளமும் இருந்தன. ஜென் பௌத்தத்தை மேலை நாடுகளுக்குக் கொண்டுசென்ற டி.டி. சுசுகியும் இந்த ஊர்க்காரர்தான், 1870இல் பிறந்தவர். அவர் பெயரிலான நினைவகத்தை 2011இல் தானிகுச்சி யோஷியோ தண்ணீர்த் தடாகத்தைச் சுற்றி வடிவமைத்திருக்கிறார். போகிறவர்கள் தவறவிட வேண்டாம்.

தண்ணீர் என்றதும் தட்சுமி கால்வாயைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1631இல் பெருந்தீ, கோட்டையும் ஊரும் எரிந்தன. மேட்டிலிருக்கும் கோட்டைக்கு அணைக்கத் தண்ணீரில்லை. இதாயா ஹெய்ஷிரோ என்பவர் பொறுப்பேற்று, சாய் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டருக்குச் சுரங்கமும் வாய்க்காலுமாக வெட்டி, மறுஆண்டே தண்ணீரைக் கொண்டுவந்தார். மேட்டின் முனையை அடைந்த தண்ணீர் பள்ளத்தைத் தாண்டிக் கோட்டைக்குள் ஏற வேண்டும். அதற்குக் குழாய்களைப் பள்ளத்தில் இறக்கி, மறுபுறம் ஏற்றினார்கள். நுழைவாய் வெளிவாயைவிட உயரத்தில் இருந்தால் போதும், தண்ணீர் தன் அழுத்தத்தாலேயே ஏறிவிடும். முதலில் மரக்குழாய், பின்னர் கல்லில் குடைந்த குழாய். கோட்டைக்கு எதிரிலுள்ள கென்ரொக்குயென் தோட்டத்தின் ஓடைகளும் குளமும் இன்றும் அந்தக் கால்வாயால்தான் நிறைகின்றன. அங்கே ஒரு நீரூற்று, குளத்தின் உயரத்தை மட்டுமே நம்பி, இயந்திரம் எதுவுமின்றி மூன்று மீட்டருக்கு மேல் எழும்புகிறது.

அதே தோட்டத்தில் நவம்பர் முதல் தேதி வேலை தொடங்குவதைப் பாருங்கள். ஹொகுரிகு பனி ஈரம் மிகுந்தது, கனமானது. கிளையில் தங்கினால் முறித்துவிடும். அதனால் தோட்டக்காரர்கள் ஒவ்வொரு பைனின் நடுவிலும் உயரமான கம்பம் நட்டு, உச்சியிலிருந்து வைக்கோல் கயிறுகளை இறக்கி ஒவ்வொரு கிளையையும் தாங்கிக் கட்டுகிறார்கள். முதலில் கட்டுவது கராசாக்கி பைனை. தூரத்திலிருந்து பார்த்தால் கூம்பு வடிவக் குடை விரித்ததுபோல் இருக்கும். பயணிகள் படம் எடுப்பது அந்த அழகை. கீழே நின்று கவனித்தால் தெரிவது வேறு: உச்சியில் இருப்பவர் கயிற்றை வீச, கீழே இருப்பவர் கிளையைத் தொட்டு, எந்த இடத்தில் கட்டினால் பாரம் சமமாகும் என்று பார்த்துச் சொல்கிறார். அதைப் புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. மார்ச்சில் அவிழ்ப்பார்கள், அடுத்த நவம்பரில் மீண்டும் கட்டுவார்கள். பழைய சாமுராய்த் தெருவான நாகாமாச்சியில் மண்சுவர்களுக்கும் இப்படித்தான்: குளிர்காலத்தில் வைக்கோல் பாய்களைத் தொங்கவிட்டு மூடுகிறார்கள். பனி ஈரம் ஊறி உறைந்தால் மண் உரிந்துவிடும்.

இனி, பேசத் தயங்குகிற பகுதி. 1858 கோடை. விளைச்சல் கெட்டு அரிசி விலை ஏறியிருந்தது. அசானோ ஆற்றுக்கு அக்கரையில் உதட்சு என்றொரு குன்று. அங்கிருந்து கோட்டையைக் கீழ்நோக்கிப் பார்க்கலாம் என்பதால் சாதாரண மக்கள் ஏறக்கூடாது என்று தடை இருந்தது. ஒரு இரவு சுமார் இரண்டாயிரம் ஏழைகள் அந்தத் தடையை மீறி ஏறினார்கள். உச்சியில் நின்று, பசிக்கிறது, அரிசி கொடுங்கள் என்று கோட்டையை நோக்கிக் கத்தினார்கள். ஆயுதம் எதுவும் எடுக்கவில்லை, குரல் மட்டும்தான். அரசு அரிசிக் கிடங்கைத் திறந்தது. பிறகு முன்னின்ற ஏழு பேரைப் பிடித்தது. ஐவர் கொல்லப்பட்டார்கள், இருவர் சிறையிலேயே இறந்தார்கள். அவர்களுக்காக ஊர்மக்கள் ஜிசோ என்ற போதிசத்துவரின் ஏழு சிலைகளை வைத்தார்கள். ஒவ்வொரு சிலையின் கையிலும் நெற்கதிர். பத்து லட்சம் கொக்கைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போதெல்லாம் அந்த ஏழு கதிர்களையும் சேர்த்தே பேச வேண்டும். கிண்ணங்களும் பட்டும் எந்தப் பசியின்மேல் நின்றன என்பதைக் கனசாவா மறைக்கவில்லை. சிலைகள் கோயிலொன்றில் இன்றும் இருக்கின்றன.

1871இல் பிரபு ஆட்சி ஒழிந்தது. ஒரே நாளில் ஊரின் பெரிய வாடிக்கையாளர் இல்லாமல் போனார். நாட்டின் பெரிய ஐந்து நகரங்களில் ஒன்றாக, ஏறத்தாழ 1.2 லட்சம் மக்களோடு இருந்த ஊரின் மக்கள்தொகை 1890களில் ஒரு லட்சத்துக்குக் கீழே போய்விட்டது. சம்பளம் இழந்த சாமுராய்கள், வேலை இழந்த செதுக்கர்கள். இந்த இடத்தில் பல கோட்டை நகரங்களின் கைத்தொழில் முடிந்துபோனது. கனசாவா எடுத்த வழி என்ன? ஹசெகாவா ஜுன்யா என்ற முன்னாள் சாமுராய் 1874இல் ஒரு பட்டு நூற்பாலையும், 1877இல் செதுக்கர்களை ஒன்றுகூட்டி ஒரு செம்புப்பொருள் நிறுவனமும் தொடங்கினார். வாளின் கைப்பிடியில் பதிவேலை செய்தவர்கள் ஏற்றுமதிக்கான பூச்சாடி செய்தார்கள். அந்த நூற்பாலையின் பொறிகளை அமைத்தவர் தச்சர் சுதா கிச்சினோசுகே. வண்ணக் கண்ணாடி பதித்த ஓயாமா கோயில் வாயிலை 1875இல் கட்டியவரும் அவரே. அவருடைய மகன் யோனெஜிரோ 1900இல் பட்டு நெய்யும் விசைத்தறியை உருவாக்கினார். அந்த மரபில் வந்த ட்சுடகோமா நிறுவனம் இன்றும் கனசாவாவில் தறி செய்கிறது. ஏர்ஜெட் தறி வைத்திருக்கும் நம் ஜவுளிக்காரர்களுக்கு அந்தப் பெயர் பழக்கமானதுதான். கோயில் தச்சரின் உளியிலிருந்து ஏர்ஜெட் தறி வரை ஒரே கோடு ஓடுகிறது.

1887இல் நோதோமி கைஜிரோ அங்கே தொழிற்பள்ளி தொடங்கினார். ஜப்பானின் முதல் தொழிற்பள்ளிகளில் அது ஒன்று. பிரபு போனபின் கைத்தொழிலைக் காப்பாற்றியது இந்தப் பழக்கம்தான்: பள்ளி வைப்பது.

போர்க்காலத்தில் ஊர் தப்பியது. 1945 ஜூலையில் தெற்கே ஃபுக்குய் எரிந்தது. ஆகஸ்டின் தொடக்கத்தில் கிழக்கே தோயாமா ஏறக்குறைய முழுதும் சாம்பலானது. நடுவில் இருந்த கனசாவாவின்மேல் குண்டு விழவில்லை. அதை ஊரின் சாமர்த்தியம் என்று யாரும் சொல்ல முடியாது, வாய்ப்பு. ஆனால் அடுத்து நடந்தது வாய்ப்பல்ல. தோற்ற நாட்டில், அரிசிக்கே தட்டுப்பாடான 1946இல், நகரம் ஒரு கலைக் கைத்தொழிற்பள்ளியைத் திறந்தது. இன்றைய கனசாவா கலைக் கல்லூரி அதன் வளர்ச்சி.

பழையதை எல்லாம் அவர்கள் காத்துவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1919இல் ஓடத் தொடங்கிய டிராம் வண்டியை 1967இல் நிறுத்திவிட்டார்கள். இப்போது குறுகிய கோட்டைத் தெருக்களில் பேருந்துகள் திணறுகின்றன. பக்கத்து தோயாமா டிராமை வைத்துக்கொண்டது, 2006இல் புதிய பாதையும் திறந்தது; இந்த ஒன்றில் கனசாவா தவறு செய்தது என்பேன். ஊருக்குள் ஓடும் 55 வாய்க்கால்கள், மொத்தம் சுமார் 150 கிலோமீட்டர், அவற்றிலும் பல இடங்களில் கார் நிறுத்துவதற்காக மூடி போட்டார்கள். 1962இல் வந்த முகவரிச் சட்டத்தில் பழைய தெருப்பெயர்கள் பல அழிந்தன. பிறகுதான் திருந்தினார்கள். 1968இல் மரபுச் சூழலைக் காக்க நகரச் சட்டம், 1996இல் வாய்க்கால்களுக்குத் தனிச் சட்டம். குராட்சுகி வாய்க்காலின் மூடிகளை எடுத்தார்கள்; கடைத்தெருவில் தண்ணீர்ச் சத்தம் மீண்டும் கேட்டது. 1999இல் 'கசுவெ-மாச்சி' என்ற பழைய தெருப்பெயரை மீட்டார்கள். அழிந்த பெயர் சட்டப்படி திரும்பியது ஜப்பானில் அதுவே முதல் முறை.

நான் மிக முக்கியமாகக் கருதுவது 1989க்கும் 1996க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். 1989இல் நகராட்சியின் நூற்றாண்டையொட்டி ஒரு கைத்தொழில் பட்டறை திறந்தார்கள். மட்கலம், அரக்கு, சாயம், உலோகம், கண்ணாடி ஆகியவற்றில் இளைஞர்கள் மூன்று ஆண்டு வரை தங்கிக் கற்கலாம். நகரம் அவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கிறது. பட்டறை இருக்கும் இடம் உதட்சுக் குன்று: 1858இல் பசித்தவர்கள் ஏறிய அதே குன்று. 1996இல் கைவினைஞர் கல்லூரி வந்தது. கல்தச்சு, ஓடு வேய்தல், சுவர்ப்பூச்சு, தோட்டம், மரவேலை, தத்தாமிப் பாய், கதவு-ஜன்னல், தகரவேலை, சுருளோவியத்துக்குத் தாள் ஒட்டுதல் என ஒன்பது பிரிவுகள். சேர்வது பள்ளிப் பிள்ளைகள் அல்லர். ஏற்கெனவே பல ஆண்டு தொழில் செய்தவர்கள். பகலில் சிமென்ட் வீடு கட்டுகிற கொத்தனார் இங்கே மூங்கில் சட்டத்தில் மண் பூசக் கற்கிறார். மூன்று ஆண்டுகள், கட்டணம் கிடையாது. பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்க வேண்டுமானால் செய்யத் தெரிந்த ஆள் உள்ளூரிலேயே இருக்க வேண்டும் என்ற எளிய கணக்கு அது. அதே ஆண்டு, மூடிப்போன வேறொரு நூற்பாலையின் செங்கல் கிடங்குகளை நாடகம், இசை, ஓவியம் பழகுபவர்களுக்குத் திறந்துவிட்டார்கள். இருபத்துநான்கு மணி நேரமும், ஆண்டின் எல்லா நாளும்; நடத்துபவர்களும் ஊர்க்காரர்களே. 1990 முதல் 2010 வரை மேயராக இருந்த யமாதே தமோத்சுவின் காலத்தில் இவற்றுள் பல நடந்தன.

2004இல் திறந்த 21ஆம் நூற்றாண்டு அருங்காட்சியகம் உலகப் புகழ் பெற்றுவிட்டது. செஜிமா கசுயோவும் நிஷிசாவா ரியூயேயும் வடிவமைத்த, முன்பக்கம் பின்பக்கம் இல்லாத வட்டக் கண்ணாடிக் கட்டடம். எந்தப் பக்கமிருந்தும் நுழையலாம். ஊரின் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் அழைத்துவந்து காட்டுகிறார்கள். அதைப் பற்றிக் கட்டடக்கலைஞர்கள் நிறைய பேசுவார்கள். நான் தங்க ரேக்குக்குப் போகிறேன்.

ஜப்பானின் தங்க ரேக்கில் 98 விழுக்காட்டுக்கு மேல் கனசாவாவில் ஆகிறது. ஷோகன்கள் ஆண்ட காலத்தில் எதோ, கியோத்தோ தவிர வேறெங்கும் ரேக்கு அடிக்கத் தடை. 1808இல் கோட்டை மாளிகை எரிந்து மீண்டும் கட்டும்போது ரேக்கு நிறையத் தேவைப்பட்டது. மறைவில் பழகிய தொழில் அப்படி வலுத்தது. பொன்னோடு சிறிது வெள்ளியும் செம்பும் சேர்த்து உருக்கி, தகடாக்கி, தாள்களுக்கிடையே வைத்து அடித்து அடித்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு வரை மெலிய வைக்கிறார்கள். ரேக்கின் தரம் சுத்தியலில் இல்லை, தாளில் இருக்கிறது. வைக்கோல் சாம்பலைக் கரைத்து வடித்த நீர், துவர்ப்பான பெர்சிமன் பழச்சாறு, முட்டை ஆகியவற்றில் ஊறவைத்து, அடித்து, உலர்த்தி, மீண்டும் ஊறவைத்துத் தாளைத் தயார்செய்ய மாதக்கணக்காகும். அடித்து முடிந்த ரேக்கை மூங்கில் இடுக்கியால் எடுத்து, தோல் போர்த்திய பலகைமேல் விட்டு, வாயால் ஒரே ஒரு மென்மையான ஊதல். சுருக்கம் நீங்கிப் படிந்துவிடும். மூங்கில் சட்டத்தால் நான்கு பக்கமும் வெட்டுவார்கள். பக்கத்தில் ஒருவர் தும்மினால் போதும், அந்த ரேக்கு வீண். தேய்ந்த தாளையும் வீணாக்குவதில்லை. முகத்து எண்ணெயை ஒற்றியெடுக்க அதைவிட நல்ல தாள் இல்லை என்று முன்பு கெய்ஷாக்கள் கண்டார்கள், இப்போது பயணிகள் வாங்குகிறார்கள். இந்தத் தாளில் அடிக்கும் பழைய முறை 2020இல் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஜப்பானிய மரக்கட்டடக் கலையோடு சேர்ந்து இடம்பெற்றது. ஆனால் இயந்திரத் தாளில் எளிதாக அடிக்கும் முறைதான் சந்தையில் முன்னே இருக்கிறது. பழைய முறைக்கு ஆள் சேர்ப்பது இன்று பெரிய கவலை.

2015 மார்ச் 14இல் ஷின்கான்சென் அதிவேக ரயில் வந்து தோக்கியோவை இரண்டரை மணி நேரத்துக்குள் கொண்டுவந்தது. ஓமிச்சோ மீன்சந்தையில் பயணிகள் நிரம்பி, உள்ளூர்ப் பெண்கள் வேறு கடைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். 1820இல் ஏற்பட்ட ஹிகாஷி தேநீர்விடுதித் தெருவில் நடக்க இடமில்லை. பட்டியலில் இல்லாத பழைய மரவீடுகள் ஒவ்வோர் ஆண்டும் இடிபட்டுக் கார் நிறுத்துமிடமாகின்றன. கூட்டம் வந்தால் தொழில் பிழைக்கும் என்று எண்ணுவது பிழை. பயணி வாங்குவது ரேக்குத் தூவிய ஐஸ்கிரீம். ரேக்கு அடிப்பவருக்குக் கோயில் பணியும் புத்தர் பீடமும் வேண்டும்.

2024 ஜனவரி முதல் தேதி, வடக்கே நோதோ தீபகற்பத்தில் 7.6 அளவு நிலநடுக்கம். கனசாவாவிலும் அருங்காட்சியகக் கூரைக் கண்ணாடிகள் விழுந்தன. காட்சிக்கூடம் ஜூன் வரை மூடிக்கிடந்தது. ஆனால் பேரழிவு நோதோவில். அரக்கு வேலைக்குப் பேர்போன வாஜிமாவின் காலைச்சந்தைத் தெரு எரிந்துபோனது. வாஜிமா அரக்குக் கிண்ணம் ஒன்று நூறுக்கு மேற்பட்ட படிகளைக் கடக்கிறது. மரம் கடைபவர், அடிப்பூச்சுப் பூசுபவர், தேய்ப்பவர், மேற்பூச்சுப் பூசுபவர், பொன் பதிப்பவர் எனத் தனித்தனிக் கைகள். அதில் ஒருவர் ஊரைவிட்டுப் போனால் மற்றவர்களின் வேலையும் நிற்கும். வீடும் பட்டறையும் இழந்து நோதோவைவிட்டு வெளியேறிய பலரும் வந்து சேர்ந்த இடம் கனசாவா. அவர்களுக்கு வாடகை வீடு கிடைக்கலாம்; ஆனால் அரக்கு உலர்த்தும் ஈர அலமாரி, கடைசல் இயந்திரம், தூசு புகாத அறை, பக்கத்தில் அடுத்த படியைச் செய்யும் ஆள், இவ்வளவும் வேண்டும். பயிற்சிப் பட்டறையும், கலைக்கல்லூரியும், உதவித்தொகையும் ஏற்கெனவே இருக்கிற ஊர் என்பதால் கனசாவாவிடம் அவர்கள் இதைக் கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன். அடுத்த பத்து ஆண்டுகளுக்கு நகராட்சியின் வரவுசெலவில் அதற்கு எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்பதை நான் தொடர்ந்து கவனித்து வருவேன். மாணவ நண்பர்களும் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.